நெட் ஒயரைப் பிடுங்கியும் நிற்காத குரல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள் பல. உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள். இங்கே கணினி மிகவும் நலம். அதனால் நான் நலமில்லை.

கண் மங்கிப்போன மாமனாருக்கு உதவட்டும் என்று, நீங்கள் எனக்காக எழுதிய நாட்குறிப்பு மென்பொருளில் போன மாதம் வாசித்துக் காட்டும் பெண் குரலும் சேர்த்துக் கொடுத்தீர்களே, அந்தப் புண்ணியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். திறந்ததும் கடைசியாக எழுதிய பக்கத்தை அது தானாகவே வாசிக்கும் என்று நீங்கள் சொன்னபோது பெருமையாகத் தலையாட்டியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் என் மைத்துனர், "கம்ப்யூட்டர் பேசுதாமே, எங்க, பேசச் சொல்லுங்க அத்தான்" என்றார். நானும் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஸ்பீக்கரை முழுசாகத் திருகிவிட்டுத் திறந்தேன். "மைத்துனர் வந்து இன்றோடு பதினாறு நாள். பெட்டியை எடுக்கும் அறிகுறியே இல்லை, ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி" என்று அந்த அம்மாள் செய்தி வாசிப்பதுபோல் நிதானமாக ஆரம்பித்தாள். பதறிப்போய் நெட் ஒயரைப் பிடுங்கினேன். அவளோ மூச்சுகூட விடாமல், அவர் குளியலறையில் செலவிடும் நேரத்துக்குப் போய்விட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "நெட் அடிக்கடி போயிடுது மாப்பிள்ளை, அது இல்லாமலே பேசுற மாதிரி செஞ்சு குடுங்க" என்று உங்கள் உயிரை வாங்கியவனும் நான்தான். கேட்டதை அப்படியே செய்து கொடுக்கும் மாப்பிள்ளை யாருக்கு வாய்ப்பார்!

ரோஷமுள்ள மனிதர் என்றால் அன்றே கிளம்பியிருப்பார். இவரோ, "மனசுல வெச்சுக்காம கொட்டிட்டீங்க, அதான் நல்லது அத்தான்" என்று தோளைத் தட்டிவிட்டு இன்னும் ஒரு வாரம் நீட்டித்துவிட்டார். "என் தம்பி உங்களுக்கு அவ்வளவு பாரமாயிட்டானா?" என்று உங்கள் அத்தை கேட்டதுதான் கடைசி. நான்கு நாளாக என்னோடு பேச்சில்லை. இப்போது வீட்டில் என்னிடம் பேசும் ஒரே பெண் உங்கள் மென்பொருள்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை, பயமாக இருக்கிறது. தயவுசெய்து அந்தக் குரலை உடனே எடுத்துவிடுங்கள். நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொள்கிறேன்.

மகளுக்கும் பேத்திக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
வாயிருந்தும் பேச ஆளில்லாத
மாமனார்

பி.கு.: கடிதத்தை அனுப்புவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நான் வெளியே நடக்கப் போயிருந்தபோது உங்கள் அத்தை நாட்குறிப்பு முழுவதையும் வாசிக்கவிட்டுக் கேட்டிருக்கிறாள். திரும்பி வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு எழுதியிருக்கீங்களே, அத இன்னொரு தடவ படிக்கச் சொல்லுங்க" என்றாள். குரலை எடுக்க வேண்டாம். மைத்துனரும் இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.