மாப்பிள்ளைக்கு எட்டுச்செலவு

எனக்கு வாய்த்த மனிதர் கலியாணத்துக்கு முன்பே ஒருமுறை செத்துப்போனவர். பாரிஸில் என்னோடு வேலை செய்யும் பெண்களிடம் இதைச் சொன்னால், ஏதோ உவமை சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். உவமை இல்லை. எட்டாம் நாள் சமைத்துப் படைத்து, மிஞ்சிய நண்டுக்கறியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம். செத்தவர் இப்போது அடுத்த அறையில் குறட்டை விடுகிறார். (குறட்டை நிற்கிற நேரங்களில்தான் எனக்குப் பயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிரெஞ்சுப் படம். அந்தக் காலத்தில் நாங்கள் மல்லாவிக்குக் கிட்ட ஒரு காணித்துண்டில் கிடுகு வேய்ந்த வீடு போட்டு இருந்தோம். நானும் அம்மாவும் மட்டும். ஐயா இடம்பெயர்ந்து வந்த கையோடு காய்ச்சலில் போய்விட்டார். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பாலன், பாரிஸில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். (எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ஹோட்டலில் பெரிய வேலை'.) தாய்தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது நெடுங்கேணியில் இருந்த அவருடைய பெரியம்மா. கலியாணம் பேசியதும் அவர்தான். நான் பாலனை நேரில் பார்த்ததில்லை. ஒரு புகைப்படமும் சில கடிதங்களும்தான் எனக்குத் தெரிந்த பாலன்.

அப்படி வந்த ஒரு கடிதத்தில், "நான் ஒரு படத்திலை நடிச்சிருக்கிறன். சின்ன வேசம்தான். கொப்பி அனுப்புறன்" என்று எழுதியிருந்தார். வீடியோ கசெற்றை நாங்கள் கொப்பி என்றுதான் சொல்வோம். சின்ன வேசம் என்றதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்ட நான், கிணற்றடியில் அந்தச் 'சின்ன'வை விட்டுவிட்டுச் சொன்னேன். செய்தி சங்கக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாலன் கதாநாயகன் ஆகியிருந்தார். பள்ளிக்கூடத்தடியில் ஒரு சண்டைக்காட்சியும் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. மாரி முழுவதும் வரவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருக்கிறது, வவுனியாவில் எங்காவது கிடக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கொப்பி மட்டும், வவுனியாவால் வந்த ஒருவரின் சேலைப் பொதிக்குள்ளிருந்து வந்து சேர்ந்தது. கூட ஒரு துண்டுக் கடிதமும் இல்லை.

இங்கே என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்சுக்குப் போகப் போகிறவள் என்று யாரோ எனக்கு ஒரு பழைய பிரெஞ்சுப் பாடப்புத்தகம் தந்திருந்தார்கள். அதன் முன்பாதியைக் கறையான் தின்றுவிட்டது. ஆகவே வணக்கம், சுகமா, என் பெயர் இன்னது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மிஞ்சியிருந்த முதல் பாடம் புகையிரத நிலையம். டிக்கெட் எங்கே வாங்குவது, வண்டி ஏன் பிந்தியது, அது எந்த மேடைக்கு வரும் என்று சரளமாகக் கேட்பேன். (நாங்கள் கோச்சியை, அதாவது ரயிலை, கண்டே வருடக்கணக்கு. தண்டவாளங்கள் பங்கருக்குக் கூரையாகியிருந்தன.) இந்த அறிவோடு, படத்தை முழு ஊருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து எங்கள் பக்கம் வருகிற கொப்பிகள் மூன்றே வகை: கலியாணவீடு, பெண் பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு. மகனுக்குக் கொள்ளி வைத்ததை ரீவியில் பார்த்து அழுத ஒரு தாயை நான் கண்டிருக்கிறேன். கமரா மகனின் முகத்துக்குக் கிட்டப் போனபோது அவர் எழுந்துபோய்க் கண்ணாடியைத் தடவினார். நாங்கள் எல்லாரும் சுற்றி இருந்து அழுதோம். ரீவியில் ஒருவரை அறிந்த முகமாகக் கண்டால் அது நடந்தது, உண்மை. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

ரீவி, கொப்பி போடும் டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு விடும் தவம் அண்ணை மாட்டுவண்டிலில் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். இரவில் வெளிச்சம் காட்டப் பயம் என்பதால் படம் எப்போதும் மத்தியானத்தில்தான். யன்னல்களுக்கு உரப்பை, வாசலுக்கு அம்மாவின் சேலை, ஓட்டைகளுக்குப் பழைய சாரம் என்று கட்டி அடைத்தோம். வெளியே வெயில் எரிக்க, உள்ளே பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாது. பெரியம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். பஸ்ஸைக் காணவில்லை. அவருக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மண்ணெண்ணெய் வீணாகிறது என்று தவம் அண்ணை தொடங்கிவிட்டார்.

படத்தில் நிறம் இல்லை. சாம்பல் கடல், ஆள் இல்லாத கரை, மேட்டில் தனியாக ஒரு வீடு. தவம் அண்ணை ரீவியின் தலையில் தட்டினார், கன்னத்தில் தட்டினார். நிறம் வரவேயில்லை. (பிரான்சுக் கொப்பி எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது.) பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. ஒரு பெண் யன்னலடியில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"படம் இறுகீட்டுதோ?" என்று பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா கேட்டார்.

அந்த நேரம் திரைச்சீலை அசைந்தது. பெண் மெல்லத் திரும்பி நேரே எங்களைப் பார்த்தாள். முன்னால் இருந்தவர்கள் பாயோடு பின்னுக்கு நகர்ந்தார்கள்.

பிறகு ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

"கோச்சி பிந்தீட்டுதாம்" என்றேன்.

"பாவம், அதுதான் அப்படி நிக்கிறா."

அதன்பின் அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் கோச்சியைப் பற்றியே சொன்னார்கள். ஒரு கிழவர் சாப்பாட்டு மேசையில் அழுதுகொண்டு நீளமாக எதையோ சொன்னார். "டிக்கெட்டைத் துலைச்சுப்போட்டாராம்" என்றேன். சனம் உச்சுக் கொட்டியது. அந்த வீட்டில் கதவுகள் தாமாகத் திறந்தன. ஒருவர் ஒரு அறைக்குள் போனால் திரும்பி வரவில்லை, மற்றவர்கள் அவரைத் தேடவும் இல்லை. தமிழ்ப்படம் என்றால் இதற்குள் ஒரு பேயாவது வெள்ளைச் சேலையில் வந்து தன்னை அறிமுகப்படுத்தியிருக்கும். இதில் யார் பேய், யார் ஆள் என்றே தெரியவில்லை. இருட்டில் ஒரு குழந்தை சிணுங்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. கனமாக, ஒன்றன்பின் ஒன்றாக. நாங்கள் எல்லாரும் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். பூமணி அக்கா எழுந்துபோய்ச் சேலையை விலக்கித் தட்டிக்கதவைத் திறந்தார். கண் கூசும் வெயிலும் செம்மண் ஒழுங்கையும்தான் இருந்தன, ஆள் இல்லை. தட்டியது படத்தில். அது தெரிந்த பிறகும் அவர் திரும்ப வந்து இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாலன் எப்ப வருவார்?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

வந்தார். படத்தில் அந்தப் பெண் ஒரு நீண்ட வெள்ளை அறைக்குள் போகிறாள். நடுவில் ஒரு மேசை. மேசையில், வெள்ளைத் துணியில், மல்லாக்க ஒரு ஆள். முதலில் பாதங்கள் தெரிந்தன. கமரா ஒரு அவசரமும் இல்லாமல் முகத்துக்குப் போனது. புகைப்படத்தில் நான் ஆயிரம் தரம் பார்த்த அதே நெற்றி, அதே மீசை. சாம்பல் நிறம். கண் மூடியிருந்தது.

கிணற்றடியில் ஜெனரேற்றர் மட்டும் உறுமியது.

"கால் பெருவிரல் கட்டேல்லை" என்றார் பூமணி அக்கா மெதுவாக.

"வாயும் கட்டேல்லை" என்றார் அம்மா. "தலைமாட்டிலை ஒரு விளக்கில்லை. பக்கத்திலை இருந்து அழ ஒரு பொம்பிளை இல்லை. ஐயோ, இதுகளைச் செய்ய ஒரு ஆளும் இல்லாமலோ அந்தப் பிள்ளை கிடக்குது?"

ஐயாவுக்கு விரல் கட்டியது அம்மாவின் கைதான். வேறு யாராக இருந்தாலும் கட்டாத விரலைக் கண்டு 'இது நடிப்பு' என்று முடிவு செய்திருப்பார்கள். அம்மா அதையே கண்டு, அநாதையாகச் செத்திருக்கிறார் என்று முடிவு செய்தார்.

"அம்மா, இது படம். அவர் நடிக்கிறார்."

"நடிக்கிற ஆக்களுக்கு மூச்சு வராதோ? வடிவாப் பார்."

பார்த்தேன். எல்லாரும் பார்த்தோம். நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அந்தக் கமராவுக்கும் வேறு வேலை இருக்கவில்லை. மாரி முழுவதும் கடிதம் வராதது அப்போது எனக்கு நினைவு வந்தது. துண்டுக் கடிதம்கூட இல்லாமல் வந்த கொப்பி. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் நம்பினேன். நேரில் பார்த்திராத மனிதருக்காக என் நெஞ்சு அப்படி அடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

படத்தில் அந்தப் பெண் குனிந்து பாலனின் காதில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம் பிள்ளை? என்னவாம் சொல்லுறா?"

தெரிந்த வசனம் ஒன்றுதான் வந்தது. "கோச்சி போயிட்டுதாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்கினார். அதே நேரம் மண்ணெண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் விக்கி நின்றது. பாலனின் முகம் சுருங்கி, ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்தது. கும்மிருட்டு. அந்த இருட்டில் கதவு தட்டும் சத்தம் மறுபடியும் கேட்டது.

இந்தமுறை படம் இல்லை. திறக்கவும் ஒருவரும் எழும்பவில்லை. தட்டிக்கதவு தானாகத் திறந்தது. வெயிலில் கறுப்பாக ஒரு உருவம். "பஸ் இல்லை, உழவு மெசினிலை வாறன்" என்று தொடங்கிய பெரியம்மா, ஒப்பாரியைக் கேட்டுத் திகைத்து நின்றார். "என்ன சம்மந்தி? ஆருக்கு என்ன?"

"உங்கடை பெறாமகன் எங்களை விட்டிட்டுப் போட்டார்!"

பெரியம்மா கையில் இருந்த பலகாரப் பெட்டியோடு வாசலிலேயே சாய்ந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, படம், நடிப்பு, மேசை என்று நான் அழுது அழுது விளக்கினேன். விளங்கியதும் அவர் அழுகை அப்படியே கோபமாயிற்று.

"உயிரோட இருக்கிற என்ரை பிள்ளைக்கோ ஒப்பாரி வைச்சனியள்? இந்த வீட்டிலை சம்பந்தம் வேண்டாம்!"

"பாடையிலை கிடந்தவருக்கு என்ரை பிள்ளையைக் குடுக்க நானும் ஆயத்தமில்லை" என்றார் அம்மா. "அவள் தாலி கட்டமுன்னம் அறுக்கவோ? நான் அறுத்தது காணாதோ?"

அந்தக் கடைசி வசனத்துக்குப் பிறகு பெரியம்மா சத்தம் போடவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் இருந்தார். பாலன் இருக்கிறாரா இல்லையா என்று போன் எடுத்துக் கேட்க வவுனியா போக வேண்டும். போகப் பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்கும்போது எனக்கு நரைத்திருக்கும். சனம் ஒவ்வொருவராகக் கழன்றது. தவம் அண்ணை மட்டும், மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைத்தால் மிச்சத்தையும் பார்க்கலாம் என்றார். அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் பெரியம்மாதான் சொன்னார். "சம்மந்தி, பொய்ச் சாவோ மெய்ச் சாவோ, கண்ட சாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்துபோடுவம். செய்தால் அது அதோட முடிஞ்சுது. பிறகு கலியாணத்தைப் பாப்பம்."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எட்டுச்செலவோ?" என்று கேட்டார்.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும் சடங்கு அது. பெரியம்மா போகாமல் நின்று, முல்லைத்தீவிலிருந்து நண்டு எடுப்பித்தார். "அவன் நண்டெண்டால் உயிரை விடுவான்" என்று சொல்லிவிட்டு, தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். பின்னேரம் வாழையிலை விரித்து, நண்டுக்கறி, முட்டை, வடை எல்லாம் பரப்பி, நடுவில் என்னிடம் இருந்த பாலனின் ஒரே புகைப்படத்தை வைத்தார்கள். மணமகளாகப் போகிற நான், மாப்பிள்ளையின் படத்துக்கு முன்னால் கும்பிட்டு நின்றேன். எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. நீர் சாகாமல் இருந்தால் போதும், கதாநாயகனாக வேண்டாம் என்று மனத்துக்குள் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கழித்துக் கடிதம் வந்தது. பாலனின் கையெழுத்தேதான். இருமல், மற்றப்படி சுகம் என்று எழுதியிருந்தார். அடியில் ஒரு வரி: "உங்கை என்ன விசேசம்? ஒருநாள் அறையிலை நான் மட்டும் தனியப் படுத்திருக்க, நல்ல நண்டுக்கறி மணந்தது. எழும்பிக் குசினியிலை பாத்தன், ஒண்டுமில்லை." கடிதத்தில் திகதி இல்லை.

அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போய்ச் சேந்திட்டுது" என்றார் பெரியம்மா. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர்களோ அன்றைக்கே பஞ்சாங்கத்தைப் பிரித்தார்கள்.

பாரிஸுக்கு வந்து தாலி கட்டி, பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஒருநாள் அந்தப் படத்தை நிறத்தில் முழுதாகப் பார்த்தேன். கறையான் தின்ற பக்கங்களையும் அதற்குள் படித்துவிட்டிருந்தேன். சொற்கள் எல்லாம் விளங்கின. படம் விளங்கவில்லை. கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மிக அழகான படம், தனக்கும் விளங்கவில்லை என்றாள். அந்தப் பெண் காதில் சொன்னது மட்டும் எத்தனை தரம் போட்டாலும் கேட்கவில்லை.

"அவள் உங்கடை காதிலை என்னப்பா சொன்னவள்?" என்று, என் கோச்சி மொழிபெயர்ப்பையும் சொல்லி, இவரிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் நித்திரை" என்றார். "ரண்டு இடத்திலை வேலை செய்துபோட்டு நேரை அங்கை போனனான். பிரான்சுக்கு வந்து முதல்முதல் ஒருத்தன், படு, அசையாதை எண்டான். படுத்ததுதான் தெரியும். முடிய எழுப்ப ஏலாமல் அவங்கள்தான் பயந்துபோனாங்களாம்."

அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். விரல் கட்ட ஆள் இல்லாமல் கிடக்கிறான் என்று அம்மா அழுதது, அப்படியொன்றும் பிழையில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் சோபாவில் மல்லாக்கச் சாய்ந்தால் பிள்ளைகள் ஊருக்குப் போன் எடுப்பார்கள். "அப்பா செத்திட்டார்!" என்பார்கள். அங்கே அம்மா கொஞ்சமும் பதறாமல் கேட்பார்: "பெருவிரல் கட்டியிருக்கோ?"

"இல்லை."

"அப்ப நித்திரை. எழுப்பாதேங்கோ, பாவம்."

போனை வைத்த பிறகு பிள்ளைகள் சிரித்துக்கொண்டு விளையாடப் போய்விடுவார்கள். நான் மட்டும் ஒரு சாட்டுக்குச் சோபாவைத் தாண்டிப் போவதுபோலப் போய், குனிந்து, இவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். சூடாக மூச்சு வரும். ஒருநாள் அப்படிக் குனிந்தபோது, கண்ணைத் திறக்காமலே இவர் கேட்டார்: "என்னப்பா, கோச்சி வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை" என்றேன். "படுங்கோ."