மாமனார் சட்டைப் போர்வை

அன்று காலை பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. கட்டிலில் ஒன்று நான் இருக்க வேண்டும். இல்லையென்றால் என் மாமனாரின் சட்டைகள் இருக்க வேண்டும்.

மாமனார் கணக்கு வாத்தியார். போன வருஷம் காலமானார். கட்டம் போட்ட சட்டையைத் தவிர வேறெதையும் அவர் போட்டு நான் பார்த்ததில்லை. மகனுக்கு வீடு, மகளுக்கு ஒரு பெட்டி நிறையச் சட்டை என்று பாகம் பிரிந்தது. அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கப் போவதாக என் மனைவி அறிவித்தாள். "பேஷ்!" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெட்டிய துணியெல்லாம் கட்டிலில் பரப்பியாகிவிட்டது. நான் கூடத்தில் தரையில் படுத்தேன். குண்டூசிகள் என்னைத் தேடிக்கொண்டு கூடத்துக்கே வந்தன. கட்டிலில் கட்டம், நாற்காலியில் கட்டம், ஜன்னல் கம்பியில் கட்டம். மொத்தத்தில் என் கட்டம்தான் சரியில்லை.

"இதை எப்பத்தான் முடிப்பே?"

"எங்கப்பா சட்டையை அவசரமா வெட்ட முடியுமா?"

"அவரு அவசரமாத்தானே போட்டுக்கிட்டாரு? பாதி நாள் பட்டனை மாத்திப் போட்டிருப்பாரு."

"பட்டனை மாத்திப் போட்டாலும் கணக்கை மாத்திப் போட்டதில்ல. நீங்க?"

போர்வை என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு போர் ஒளிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"நான் சொல்றதைக் கேளு. எல்லாத்தையும் மூட்டை கட்டி..."

"அந்தக் கத்திரிக்கோலை இப்படி எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

நான் சொல்லி அவள் கேட்கப் போவதில்லை. வேறு யார் சொன்னால் கேட்பாள்? தெருமுனைத் தையல்காரர் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். யார் எந்தத் துணியை எப்போது கேட்டாலும் அவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். அவரிடம் போய் மனம் விட்டுப் பேசினேன்.

"அண்ணே, என் பொண்டாட்டி என்னைச் சட்டையே பண்றதில்ல. நீங்க சொன்னாத்தான் எடுபடும். போர்வைக்குத் துணி பத்தாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. அதோட விட்டுடுவா."

"எப்ப சொல்லணும்?"

"இன்னைக்கே."

"நாளைக்கு..."

"அண்ணே!"

"சரி, சரி. அனுப்பி வைங்க."

அவருடைய தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றே வேலையை முடித்துக் கொடுத்தார். சாயங்காலம் என் மனைவி அவர் கடையிலிருந்து திரும்பி வந்தாள்.

"துணி பத்தாதாம்."

"அடடா!" முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். "போகட்டும் விடு. மூட்டை கட்டிடலாமா?"

"எதுக்கு? சுத்தி ஓரம்தானே குறையுது? நான் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே! கட்டில் கிடைக்கப் போகிற சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து வந்தால், கட்டில் மேல் போர்வை விரிந்திருந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது. நட்டநடுவில் ஒரு சட்டைப் பை, அதில் பெரிய மைக் கறை.

"பேனாவை மூடவே மாட்டாரு. அம்மா தினமும் திட்டுவாங்க" என்று அந்தப் பையைத் தடவினாள். கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். நல்ல மனிதர். எனக்குக் கூட்டல் வராது என்று தெரிந்தும் பெண் கொடுத்தவர்.

அப்புறம்தான் ஓரத்தைப் பார்த்தேன். சுற்றிலும் வான நீலம். நான் வான நீலத்தைத் தவிர வேறு நிறத்தில் சட்டை வாங்குவதில்லை.

"இது என் சட்டை!"

"ஆமா."

"இந்தப் பக்கமும் என் சட்டை!"

"போர்வைக்கு நாலு பக்கம். பீரோவுல இருந்ததும் நாலு நல்ல சட்டை."

பீரோவைத் திறந்தேன். ஹேங்கர்கள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. போட்டுக்கொண்டு வந்த சட்டையை நான் கழற்றி வைத்ததுமே வாளியில் ஊறப் போட்டுவிட்டாள்.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாரு! நான் பனியனோட போய் நிக்கவா?"

"ஏன் கத்துறீங்க? அப்பா சட்டை ஒண்ணை வெட்டாம வச்சிருந்தேன். உங்க அளவுக்குப் பிடிச்சுத் தைச்சிட்டேன். போடுங்க."

கட்டம் போட்ட சட்டை. வேறு வழியில்லாமல் போட்டேன். கணக்காகப் பொருந்தியது. அவள் காலரை நேராக்கி, பட்டனை மாற்றிப் போட்டிருந்ததைத் திருத்தி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"உங்களைச் சட்டை பண்றதில்லைன்னு இனிமே தையல்காரர்கிட்ட போய் அழாதீங்க. இதோ, பண்ணிட்டேன்."