நாற்பது ஜிபி காவல்

"உங்கள் டேட்டாவில் தொண்ணூறு சதவீதம் தீர்ந்துவிட்டது" என்று போன் அறிவித்தபோது மாதம் பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்பிய கேரவன் வண்டியின் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். ஓய்வுபெற்றால் ஓய்வு கிடைக்கும் என்று சொன்ன மகராசன் யாரென்று தெரிந்தால் தேவலை.

"என்னங்க, நாளைக்குப் பதினோரு மணிக்கு நம்ம பொண்ணு பட்டம் வாங்குறா. வெளிநாட்டுலேருந்து நேரடியா காட்டுறாங்க. அதுக்காவது மிச்சம் வைப்பீங்களா?" என்றாள் மனைவி.

"நான் என்ன சினிமாவா பார்க்கிறேன்? வீட்டைப் பார்க்கிறேன்."

பூட்டிவிட்டு வந்த வீட்டின் கூடத்தில் சிம் போட்ட கேமரா ஒன்றை வைத்திருந்தார். ஏரி வந்தாலும் மலை வந்தாலும் அவர் போனில் பார்த்தது அந்தக் கூடத்தைத்தான். ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்ததால் கும்மிருட்டு. இருட்டு இருக்கும்வரை திருடன் வரவில்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி.

"இருட்டைப் பார்க்கவா நாப்பது ஜிபி?"

"நாம கண்ணை எடுக்கிற நேரம் பார்த்துத்தான் அவன் வருவான்."

சிக்கனத்துக்காக மனைவியின் சீரியலை நிறுத்தினார். வழிகாட்டும் மேப்பையும் நிறுத்தினார். கேரவன் ஒரு சிமென்ட் ஆலை வாசலில் போய் நின்றது. காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பின்னால் எடுத்ததில் பக்கக் கண்ணாடி ஒன்று போயிற்று.

இரவு கேரவனை நிறுத்தும் முகாமுக்கு வந்து சேர்ந்த சமயம், போனில் பளீரென்று வெளிச்சம். ஒரு கை. உடனே மறுபடியும் இருட்டு.

"அடியே, வீட்டுக்குள்ள ஆள்!"

வீட்டுச் சாவியை ஒப்படைத்திருந்த பக்கத்து வீட்டு டெய்லர் போனை எடுக்கவில்லை. போலீஸிடம் என்ன சொல்வது? ஒரு கை வந்தது, போய்விட்டது என்றா? முகம் தெளிவாக விழட்டும் என்று படத்தின் தரத்தை உச்சத்துக்கு ஏற்றிவைத்தார்.

மறுநாள் மனைவி விழாவுக்கே போவதுபோல் தலைவாரி, பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். வரிசையில் மூன்றாவதாக மகள்.

"அதோ! கொஞ்சம் இளைச்சுட்டாளோ..."

படம் நின்றது. வட்டம் சுற்றியது. டேட்டா காலி.

முகாம் அலுவலகத்தின் வைஃபைக்காக இருவரும் போனோடு ஓடினார்கள். படம் வந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வீடியோ அனுப்புவா, பார்த்துக்கலாம். ஆனா அவ மேடையேறும்போது கூடவே பார்த்தேன்னு இனிமே சொல்ல முடியாதுல்ல" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வீடு தப்பிச்சா போதும்னுதானே..." என்று முனகியபடி டெய்லருக்கு மறுபடி போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். இந்த முறை டெய்லர் எடுத்தார்.

"வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டான்! உடனே போய்ப் பாருங்க!"

"திருடனா? பூட்டு பூட்டினபடியே இருக்குங்க, தினமும் பார்க்கிறேன். அந்தக் கேமராவைக்கூட நீங்க கிளம்பின அன்னைக்கே கழட்டிட்டு வந்து, எங்க வீட்டு பீரோவுல துணிக்கு அடியில, சார்ஜ் போட்டுப் பத்திரமா வச்சிருக்கேன். விலை ஒசந்த சாமானாச்சே, திருடன் கண்ணுல பட்டா விடுவானா?"