மாதாமாதம் கண்ணீர் அஞ்சலி

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அது நாவல் எழுதியது.

பெயர் நெடுங்கண்ணன். எழுத்தாளரான பிறகு 'அது' என்று சொன்னால் நன்றாயிருக்காது, 'அவர்' என்றே சொல்வோம். அந்தக் காட்டில் 'அவர்' பட்டம் வாங்கியவர்கள் இரண்டே பேர். சிங்க மன்னருக்குப் பயத்தில் கொடுத்தார்கள். நெடுங்கண்ணனுக்கு, கொடுத்தால் செலவில்லை என்று கொடுத்தார்கள்.

நாவலைப் பதிப்பித்தது ஒரு முதலை. ராயல்டி கேட்கப் போனால், "காலம் கெட்டுக் கெடக்கு சார்" என்று கண்ணீர் விடும். அது விடுகிற கண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விற்காத பிரதிகளில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு நெடுங்கண்ணன் திரும்புவார். இலக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். தேவாங்கின் உடம்புக்கு அதில் நாலு சுற்று சுற்றலாம். அவருடைய பெண்டாட்டி மருதாயி அதைப் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டினாள். அணிந்துரை கேட்டு மயில் முதல் மரவட்டை வரை கவிதைகளை அனுப்பின. கூலியாக வந்தது 'என்றும் தங்கள் அன்பை மறவேன்'. அன்பை வேகவைத்தா தின்ன முடியும்?

"ஏங்க, நாவலை நாலு பேரு படிச்சுட்டாங்கன்னு பெருமையாச் சொல்றீங்க. அதுல நானும் உங்க ரெண்டு பிள்ளைங்களும் போக மிச்சம் ஒருத்தருதான். கரியமாணிக்கம் அண்ணன் ஃப்ளெக்ஸ் கடைக்கு எழுத ஆள் தேடுதாம். போயிட்டு வாங்க" என்றாள் மருதாயி.

கரியமாணிக்கம் ஒரு கரடி. நல்ல ஜீவன். நாவலாசிரியரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தது.

"சார், நம்மகிட்ட காதுகுத்து, கல்யாணம், பொறந்தநாள், சாவு, இவ்வளவுதான். எதுக்கும் ரெண்டே வரி. மூணாவது வரி எழுதுனீங்கன்னா படம் சின்னதாயிரும், படத்துல இருக்கறவன் சண்டைக்கு வருவான்."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். நெடுங்கண்ணனுக்கு மூன்றாவது வரி பறந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில் மன்னரின் பிறந்தநாளும் கிழட்டு எருமை ஒன்றின் சாவும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. கரியமாணிக்கம் தேன் குடித்த மயக்கத்தில் படங்களை மாற்றி ஒட்டிவிட்டது. செத்த எருமையின் தலைக்கு மேலே 'இன்று போல் என்றும் வாழ்க'. நடுச்சந்தியில் மன்னரின் பிடரிக்கு மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே கவிதை:

*புல்லுக்கும் வலிக்காமல் நடந்த பொன்னடியே,*
*எங்களைத் தவிக்கவிட்டு எங்கே போனாய்?*

எருமையின் பெண்டாட்டி சண்டைக்கு வரவில்லை. "இருந்தவரைக்கும் ஒருத்தரும் அவரை வாழ்கன்னு சொன்னதில்ல, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டது. ஆனால் மன்னர் அந்தப் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு எழுதியவரைக் கூட்டிவரச் சொன்னார். நெடுங்கண்ணன் கடைசியாக ஒருமுறை மருதாயியிடம் சொல்லிக்கொண்டு, பிள்ளைகளை முகர்ந்துவிட்டுப் போனார்.

குகையில் மன்னர் வாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புலவரே, பிறந்தநாள் தவறாமல் எனக்கு எழுதுகிறார்கள். வருக, வெல்க, ஆள்க என்று. யோசித்துப் பாரும், எல்லாமே வேலை ஏவுவது. நல்லவன் என்று ஒரு பயல் எழுதியதில்லை. நான் புல்லுக்கு வலிக்காமல்தான் நடந்திருக்கிறேன். அதை நீர் ஒருவர்தான் கவனித்திருக்கிறீர்."

புல்லைச் சிங்கம் என்ன செய்யப் போகிறது என்று கேட்க நெடுங்கண்ணனுக்கு வாய் வரவில்லை. "கவனித்தேன் மன்னா" என்றார்.

"இனி மாதப் பிறப்புதோறும் எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி. கூலி, ஒரு கூடை வெட்டுக்கிளி."

கரும்பு தின்னக் கூலியா? அன்று முதல் மாதப் பிறப்புக்கு முன்தினம் நெடுங்கண்ணன் குகைக்குப் போய்ப் புதுக் கவிதையைப் படித்துக் காட்டுவார். மன்னர் தேம்புவார். "அழுகையைக் கொஞ்சம் கூட்டும்" என்பார். மறுநாள் பலகை சந்திக்கு வரும். காடு அண்ணாந்து பார்க்கும். "போன மாதம்தான் நன்றாக இருந்தது" என்று முயல் சொல்லும். அதற்கு எல்லாமே போன மாதம்தான் நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. மருதாயி புது மரப்பொந்து பார்த்துக் குடிபோனாள்.

ஒரு தடவை நெடுங்கண்ணன் படித்து முடித்தும் மன்னர் அழவில்லை.

எழுத்தாளர் அல்லவா, முதலில் கவிதைமேல்தான் சந்தேகம் வந்தது. குரலை இறக்கி இன்னொரு முறை படித்தார். அப்போதும் அசைவில்லை. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தார், மன்னர் சில்லிட்டுப் போயிருந்தார்.

நெடுங்கண்ணன் நிஜமாகவே அழுதார். தன் எழுத்தைக் கேட்டு அழுத ஒரே ஜீவன் போய்விட்டதே என்று அழுதார். கூடவே வெட்டுக்கிளிக் கூடையும் ஞாபகத்துக்கு வந்து, அதற்கும் சேர்த்து அழுதார். இத்தனை மாதம் அஞ்சலி படித்த வாயில் 'ஐயோ' தவிர வேறு சொல் வரவில்லை.

சத்தம் கேட்டு மந்திரி நரி உள்ளே வந்தது, பார்த்தது, உட்கார்ந்துகொண்டது.

"காட்டுக்குச் சொல்லிவிடுவோம் மந்திரி" என்றார் நெடுங்கண்ணன்.

"சொல்லுங்களேன்" என்றது நரி.

மறுநாள் சந்தியில் பலகை ஏறியது. நெடுங்கண்ணன் அதன் அடியில் நின்று, "மன்னர் செத்துப் போயிட்டாருங்க, நிஜமாவே செத்துப் போயிட்டாரு" என்று மாரில் அடித்துக்கொண்டார்.

"இந்த மாசம் நடிப்பும் சேர்த்தாங்க. பரவால்ல, ஆனா போன மாசம் அளவுக்கு இல்ல" என்றது முயல். மற்றவையும் தலையாட்டிவிட்டு மேயப் போய்விட்டன.

நரி அவரைத் தனியே அழைத்துப் போயிற்று. "பாத்தீங்களா? யாரும் நம்பப் போறதில்ல. நம்புனா மட்டும் என்ன? பக்கத்துக் காட்டுச் சிங்கம் கிளம்பி வரும். அதுக்குக் கவிதை பிடிக்குமா தெரியாது. தேவாங்கு பிடிக்கும். என் மந்திரி வேலையும் போகும். குகை வாசல்ல ஒரு பாறையை உருட்டி, 'மன்னர் ஓய்வில் இருக்கிறார்'னு எழுதி வெச்சிருவோம். நீங்க மாசாமாசம் எழுதுங்க, கூடை தப்பாம வரும்."

நெடுங்கண்ணன் வீடு வந்து சேர்ந்தார். "நான் ஒரு எழுத்தாளன் மருதாயி. காட்டை ஏமாத்தச் சொல்றான்" என்றார்.

மருதாயி பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இருந்தவரைச் செத்தாருன்னு எழுதுனப்ப உங்களுக்கு உறுத்தல. இப்பச் செத்தவரைத்தானே செத்தாருன்னு எழுதப் போறீங்க? இதுல பொய் எங்க இருக்கு?"

நெடுங்கண்ணன் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். பொய் எங்கேயும் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார்.

இன்றைக்கும் மாதப் பிறப்பானால் மன்னர் செத்துவிட்டார் என்று நடுச்சந்தியில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, மன்னர் சௌக்கியமாக இருக்கிறார் என்று காடு நிம்மதியாகப் போகிறது. மான் கூட்டத்தில் இப்போதெல்லாம் தலை குறைவதில்லை. 'கவிதை கேட்டுக் கேட்டு மன்னர் திருந்திவிட்டார், இலக்கியத்துக்கு அந்தச் சக்தி உண்டு' என்று மான்கள் பேசிக்கொள்கின்றன. வரும் தையில் நெடுங்கண்ணனுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். தலைமை, ஓய்விலிருக்கும் மன்னர்.

நீதி: உண்மையை மட்டுமே எழுதியும் வயிறு வளர்க்கலாம், ஒருவரும் நம்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.