நுனிக்கால் பட்டியல்

பட்டியலில் எட்டுப் பெயர்கள் இருந்தன. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பேசித் திரையைப் பெரிதாக்கி ஒருமுறை படித்துப் பார்த்தார். மகளின் பெயர் இல்லை.

"சார், வண்டியை எடுக்கலாமா?" என்று கேட்டாள், பத்து நிமிடமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி.

அவர் படிவத்தை எடுத்து, 'பொறுமை போதாது' என்று எழுதி அவளைப் பெயிலாக்கினார். வண்டி நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர் பரிசோதகர். வருகிறவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். முதுகுக்குப் பின்னால் 'முட்டுக்கட்டை' என்று அழைப்பார்கள். அது அவருக்கும் தெரியும். பட்டம் கிடைத்ததுபோல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தயாராகாத ஆளை ரோட்டில் விடுவது கொலைக்குச் சமம் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நியாயமான பேச்சுதான். ஆனால் அது ஊரார் பிள்ளைகளுக்கான நியாயம்.

அவருடைய மகளுக்குப் பதினொரு வயது. ஐந்து வருடமாகப் பாலே நடனம் கற்றுக்கொள்கிறாள். அவள் வகுப்பில் மொத்தம் ஒன்பது பெண்கள். இரண்டு மாதமாக அவர்களைப் பெற்றவர்களுக்கு ஒரே பேச்சு: யாருக்கெல்லாம் இந்த வருடம் பாயின்ட் ஷூ? முன்பக்கம் கட்டையாய் இறுகிய அந்தச் சாட்டின் ஷூவைப் போட்டுக்கொண்டு, முழு உடம்பையும் கால்விரல் நுனியில் நிறுத்தி ஆடவேண்டும். காலும் கணுக்காலும் அதற்குத் தயாரா என்பதை டீச்சர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். முந்தைய நாள் அதற்காகவே பெற்றோர் கூட்டம் போட்டிருந்தார் டீச்சர். முட்டுக்கட்டை போகவில்லை. கூட்டத்துக்குப் போவது வேலையில்லாதவர்கள் வேலை என்பது அவர் கட்சி. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அன்று அவளுக்கு வார்டு ட்யூட்டி. கூட்டத்தை முடித்த கையோடு டீச்சரும் ஏதோ போட்டிக்கு நடுவராக இரண்டு வாரம் வெளியூர் கிளம்பிவிட்டார். அதுவரை வகுப்பு கிடையாது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அறிவிப்புப் பலகையைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அவசரத்தில் எடுத்த படம். தாளின் மேல்பகுதி படத்தில் விழவில்லை, கீழே பாதிக் கட்டைவிரல் தெரிந்தது. அதற்குக் கீழே ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு பூ இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. உள்ளுக்குள் குதித்துக்கொண்டு வெளியே அமைதி காட்டுகிறார்களாம். என்ன நாகரிகம், என்று நினைத்துக்கொண்டார்.

எட்டுப் பேரில் மூன்றாவது பெயர் அவர் அலுவலகத்துப் போட்டோ அம்மாவின் மகளுடையது. விண்ணப்பிக்க வருகிறவர்களை உட்காரவைத்துப் படம் எடுப்பது அந்த அம்மாவின் வேலை. அந்தப் பெண் ஆண்டு விழாவில் ஆடியதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னால் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கும். அதற்குப் பாயின்ட் ஷூ. தன் மகளுக்கு இல்லை.

மத்தியானம் வேலை மெனக்கெட்டுப் போட்டோ அறைக்குப் போனார்.

"வாழ்த்துகள்," என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தூக்கம் கெட்டுக் கொண்டாடியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"எதுக்கு சார்?"

"பட்டியல் பார்த்தேன். உங்க பொண்ணு பேரு மூணாவதா இருக்கே. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும்."

அவள் அவரையே பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கென்ன சார். உங்க பொண்ணு பேரு அதுல இல்லை. நீங்க பேசலாம்."

கேமராவை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வரிசையில் நின்ற பதினான்கு பேர் அன்று படம் எடுத்துக்கொள்ளாமலே வீடு திரும்பினார்கள்.

கண்ணெதிரே நின்று, உன் பெண்ணின் பெயர் இல்லை என்று குத்திக்காட்டிவிட்டுப் போகிறாள். அந்தத் திமிர் அவருக்குப் பொறுக்கவில்லை.

மாலையில் விஷயத்தைக் கேட்ட மனைவி, டீச்சருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றாள். ஐந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறவர், காரணம் இல்லாமல் விடமாட்டார் என்பது அவள் எண்ணம்.

"நான் போய்க் கேக்கணுமா?" என்றார். "ஏன் சார் பெயில்னு என்கிட்ட வந்து நிக்கறவங்களை நான் எப்படிப் பார்ப்பேன்னு எனக்குத்தான் தெரியும்."

அவளே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். டீச்சரின் போன் அணைத்துக் கிடந்தது. அதற்குள் இவளுக்கு ட்யூட்டி மாறியது. ஒரு வாரம் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வந்தாள்.

அவர் இணையத்தில் ஒன்றரை மணி நேரம் படித்தார். அதோடு பாலே முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையை ஓரம் தள்ளினார். ஓட்டுநர் தேர்வுப் படிவம் ஒன்றை எடுத்து, கிளட்ச் என்ற இடத்தில் கணுக்கால் என்றும், பிரேக் என்ற இடத்தில் முழங்கால் என்றும் திருத்தினார். ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார்.

ஒற்றைக்காலில் நின்று குதிகாலை இருபது தடவை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினாள், முழங்கால் ஒருமுறைகூட மடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். போதும் என்று அவரே சலித்துச் சொல்லும்வரை நின்றாள். அடுத்த காலிலும் அப்படியே. தொண்ணூற்றாறு மதிப்பெண் போட்டார். நூற்றுக்கு நூறு அவர் கையிலிருந்து இதுவரை யாருக்கும் போனதில்லை, அதற்காக நாலு குறைத்தார்.

"டீச்சர் வர்ற வரைக்கும் பார்ப்போம்ப்பா," என்றாள் மகள். "அவசரப்பட்டா கால் கெட்டுடும்னு சொல்வாங்க."

அவசரம் அவளுக்கு இல்லை. அவருக்குத்தான் இருந்தது. சோதனை அவர் சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது: பெண்ணிடம் குறையில்லை, ஆகவே டீச்சரிடம்தான் குறை. அந்த எட்டுப் பேர் வீட்டிலிருந்தும் ஏதோ சிபாரிசு போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெற்றோர் குழுவில் நீளமாக ஒரு செய்தி எழுதினார். ஆண்டு விழா வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எட்டுப் பெண்களின் குறைகளையும் வரிசை எண் போட்டுக் குறித்தார். முதல் பெண்ணுக்குக் கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது. இரண்டாமவள் முழங்காலை நிமிர்த்துவதே இல்லை. மூன்றாமவளுக்கு எண்ணத் தெரியாது. இப்படியே எட்டுக்கும் எழுதி, 'இந்தக் கால்களின் லட்சணம் இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. பெற்றவர்கள் மனசாட்சியைத் தொட்டுப் பார்க்கட்டும்' என்று முடித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினார்.

முதலில் மூன்று பேர் குழுவைவிட்டு விலகினார்கள். அப்புறம் நான்கு பேர் ஒன்றாக. எட்டாமவர், 'பிள்ளையைப் பெற்ற மனுஷன் எழுதற எழுத்தா இது?' என்று போட்டுவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் குழுவில் மிஞ்சியது அவரும், அவர் மனைவியும், அணைத்துக் கிடந்த டீச்சரின் நம்பரும்தான்.

சாட்டையடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று நிறைவாகச் சாப்பிட்டார். மறுநாள் போட்டோ அம்மா இடமாற்றம் கேட்டு மனு கொடுத்திருந்தாள். அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து ஷூ. நடனச் சாமான் விற்கும் கடைக்காரர், டீச்சர் பார்த்துச் சொல்லாமல் பாயின்ட் ஷூ கொடுப்பதில்லை என்றார். காலோடு தோல் மாதிரி ஒட்டவேண்டும், ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் ஆபத்து, பெண்ணை அழைத்துவந்தால் அளவாவது பார்க்கலாம் என்றார். முட்டுக்கட்டை தன் அலுவலக அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைக்காரருக்கு அடுத்த மாதம் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கவேண்டியிருந்தது. ஷூ வந்துவிட்டது. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினார்.

பெட்டியைத் திறந்ததும் மகளின் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். ரிப்பனைத் தடவினாள், கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர் சரின்னு சொல்லிட்டாங்களாப்பா?"

"சொன்ன மாதிரிதான்."

அந்த ஒரு பொய்யை மகள் அப்படியே நம்பினாள். அதுவரை இருந்த தயக்கம் போய்விட்டது.

பயிற்சி சமையலறையில், பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஷூவுக்குள் கால் வழுக்கியது. பஞ்சு வைத்து அடைத்தார். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கியது. இன்னும் கொஞ்சம் அடைத்தார். மெதுவா, மெதுவா, இப்ப ஏத்து என்று, மேட்டில் வண்டி ஏற்றச் சொல்லும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள், கைப்பிடியை விட்டுவிட்டு நிற்கச் சொன்னார். நின்றாள். ஒரு கணம் உண்மையிலேயே நின்றாள், அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த கணம் ஷூ ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமும் போக, கணுக்கால் மடிந்து தரையில் விழுந்தாள்.

அவள் கத்தவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பஞ்சுச் சுருளோடு அவர் நின்றார். அப்போது மட்டும், அந்த ஒரு நிமிடம் மட்டும், தப்பு தன்மேல்தானோ என்று தோன்றியது. மனைவி ட்யூட்டி முடிந்து வந்து, காலைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார்.

வீடு வந்து சேர்வதற்குள் அந்த எண்ணம் அடங்கி, பழைய மனுஷன் திரும்பிவிட்டார். முறையாகத் தேர்வு செய்திருந்தால் இப்படி வீட்டில் பழக வேண்டியிருந்திருக்குமா? ஆக, இதுவும் டீச்சர் செய்த வேலைதான்.

டீச்சர் ஊர் திரும்பிய அன்றே, மகளை ஊன்றுகோலோடு நடனப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனார். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. ஆயாம்மா அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறு மதிப்பெண் படிவத்தை எடுத்து நீட்டி, டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். பாரபட்சம், சிபாரிசு, இருபத்திரண்டு வருட அனுபவம் எல்லாம் வந்தது.

டீச்சர் அவர் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. தரையில் மண்டியிட்டு, மகளின் கட்டுப்போட்ட காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஷூ வாங்கினது யாரு?"

"நான்தான். ஒரு சைஸ் பெருசா. வளர்ற பொண்ணு."

டீச்சர் காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார். மகளின் தலையைத் தடவிக்கொடுத்து, "கால் ஆறட்டும்மா. அப்புறம் முதல்லேர்ந்து பார்க்கலாம்," என்றார். எழுந்து, கண்ணாடியைத் திறந்து, பலகையிலிருந்த தாளில் எட்டுப் பெயர்களுக்குக் கீழே, ஒன்பதாவதாக மகளின் பெயரை எழுதினார். பேனாவை மூடிவிட்டு, அவரை ஏறிட்டுப் பார்க்காமல் மகளை மட்டும் கைத்தாங்கலாக வகுப்புக்குள் அழைத்துப் போனார்.

முட்டுக்கட்டைக்கு மார்பு விரிந்தது. கேட்கவேண்டிய விதத்தில் கேட்டால் எதுவும் நடக்கும். கைப்பேசியை எடுத்து, ஒன்பதாவது பெயர் நன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தார். தாளில் வேறெதிலும் அவர் கண் போகவில்லை. குழுவில் போடலாம், பார்க்கத்தான் ஆள் இல்லை. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஆயாம்மாதான் நின்றாள்.

"பார்த்தீங்களா, விட்டுப்போன பேரை எப்படி எழுத வெச்சேன்," என்றார்.

ஆயாம்மா துணியைப் பிழிந்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது கால் பலம் பத்தாம இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கவேண்டிய பிள்ளைங்க பட்டியல் சார், ஒன்பது பேர்ல உங்க பொண்ணு ஒருத்திதான் இதுல இல்லாம இருந்தா."