ஜன்னலோரக் கட்டிலுக்குப் போட்ட துண்டு

ரயில் புறப்படுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. துண்டு, குடை, சாப்பாட்டுப் பை, நேற்றைய பேப்பர் என்று எதையாவது அதன் மேல் போட்டால்தான் மனசு அடங்கும். கல்யாணப் பந்தியில் நான் கைக்குட்டை போட்டிருக்கிறேன். பல் டாக்டர் வாசல் பெஞ்சிலும் போட்டிருக்கிறேன். (பல் டாக்டரிடம் முதல் ஆளாகப் போக யாரும் போட்டிக்கு வருவதில்லை என்பது உள்ளே போய் வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது.)

எங்கள் ஊர் மாரிகுப்பம். மற்றவர்களுக்கு அது கோலார் தங்கவயலின் கடைசி ஸ்டேஷன், எங்களுக்கு முதல் ஸ்டேஷன். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில் விடிவதற்கு முன்பே அங்கே காலியாக வந்து நிற்கும். என் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் தனக்கு மட்டும் இடம் பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. அடுத்த ஸ்டேஷனான கோரமண்டலில் ஏறுகிற சிநேகிதருக்குத் துண்டு, அவருடைய மச்சானுக்குக் குடை, பங்காரப்பேட்டையில் நம்ம ஆள் யாராவது வந்துவிட்டால் என்று ஒரு பேப்பர். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்: "ஆள் வராங்கோ." அந்தப் பெட்டியில் அதற்கு மேல் சட்டம் கிடையாது. ஒரே ஒரு விலக்கு மட்டும் உண்டு. நோயாளியோ பிள்ளைத்தாச்சியோ கைக்குழந்தைக்காரியோ வந்தால், யார் துண்டாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

நைனாவின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். செங்குத்தான ஷாஃப்டுக்குள் இறங்கும் இரும்புக் கூண்டான கேஜில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றுகொண்டுதான் போக வேண்டுமாம். "எங்கப்பா நின்னுக்கினே பூமிக்குள்ள போனாரு. நான் ஒக்காந்துக்கினுதான் பெங்களூரு போவேன்" என்பது நைனாவின் சபதம். அதை அவர் ஒரு நாளும் மீறியதில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய், இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்த கையோடு, ஹாஸ்டலில் தங்கப் போகிறேன் என்றேன். யாரையோ இழுத்துக்கொண்டு ஓடப்போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட மனிதர் அப்படி இடிந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

"ரயிலு இருக்கச்சொல்ல ஹாஸ்டல் இன்னாத்துக்கு?" என்றார்.

விடியும் முன் ஏறி இருட்டிய பின் இறங்கினால் எப்போது படிப்பது என்று நானும், பெண்பிள்ளை எத்தனை நாள் தூங்கி வழிந்துகொண்டு போய்வருவாள் என்று அம்மாவும் மாறி மாறிப் பேசிப் பேசி அவரைக் கரைத்தோம். கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "ஒரே ஒரு கம்ப்ளெய்ண்ட் வரட்டும். மறுநாளே சீசன் டிக்கெட்டு. எம் பக்கத்துல ஒக்காந்துக்கினுதான் போவணும்." நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கூட்டாளிகளின் சர்க்கரை வியாதிக் கதைகளைக் கேட்டபடி நான்கு வருஷம் போய்வர என்னால் ஆகாது. எப்பாடு பட்டாவது கம்ப்ளெய்ண்ட் வராமல் இருந்துவிடுவது என்று சாமி படத்தின் முன் நின்று முடிவு செய்தேன்.

கோரமண்டலைச் சேர்ந்த என் சிநேகிதி கலைவாணிக்கும் அதே காலேஜ், அதே ஹாஸ்டல். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஹாஸ்டலிலும் ஒரே அறை என்று சத்தியம் செய்திருந்தோம். தெரியாத முகங்களுக்கு நடுவே தனியாகத் தூங்க வேண்டுமே என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. அவள் வீட்டில் ராகு காலம் பார்க்கிறவர்கள். அதனால் அடுத்த வண்டியில் வருவதாகப் போன் செய்து, "எடம் புடிச்சி வையிடி" என்றாள். ஹாஸ்டலில் அறைகளை யாரோ ஒருவர் பெயர் பார்த்து ஒதுக்குவார் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. எங்கள் உலகத்தில் யாரும் யாருக்கும் இடம் ஒதுக்கியதில்லை. பிடித்தவர்களுக்கு இடம், அவ்வளவுதான்.

நைனாவுக்குத் தெரிந்தது முதல் வண்டி ஒன்றுதான். ஆகவே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹாஸ்டல் வாட்ச்மேன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வார்டன் வந்த பிறகுதான் ரூம் சொல்வார்கள், ஆண்கள் கேட்டுக்கு உள்ளே தோட்டம் வரைதான் வரலாம் என்று நுரைவாயோடு சொல்லிவிட்டுக் கொப்பளிக்கப் போனார். பெட்டியை வைக்க வராந்தாவுக்குள் நுழைந்த நான், முதல் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன்.

உள்ளே நான்கு கட்டில்கள், நான்கும் காலி. ஒவ்வொன்றிலும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. பினாயில் வாசனை கமகமத்தது. (எவ்வளவு சுத்தம் என்று மெச்சிக்கொண்டேன்.) கட்டிலுக்குப் பக்கத்தில் உயரமாக ஓர் இரும்புக் கம்பி, உச்சியில் இரண்டு கொக்கி. துப்பட்டா மாட்டுவதற்கென்றே வைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் என் துப்பட்டாவை மாட்டினேன். மூலையில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. ஏறிப் பார்த்தேன். சுவரில் நுரையீரல் படம் ஒன்று தொங்கியது. காலேஜ் என்றால் அறையில்கூடப் படிப்பு வாசனைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை தடயங்களுக்குப் பிறகும் எனக்கு ஒன்றும் தட்டவில்லை என்பதை, இன்று இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்கிற வாயால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் நைனா நின்றிருந்தார்.

"எத்தினி எடம் கீது?"

"நாலு நைனா."

"ஆளு?"

"ஒருத்தரும் இல்ல."

அவர் முகத்தில் மாரிகுப்பம் பிளாட்பாரத்தின் வெளிச்சம் வந்துவிட்டது. தோளிலிருந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்த துண்டு, ஜன்னலோரக் கட்டிலின் தலையணை மேல் விரித்த மாதிரி வந்து விழுந்தது. அது எனக்கு. அடுத்து குடை வந்தது, அது கலைவாணிக்கு. பிறகு பேப்பர், நம்ம ஊர்ப் பெண் யாராவது வந்தால் இருக்கட்டும் என்று. கதவோரக் கட்டிலில் நானே காவலுக்கு உட்கார்ந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் ஹாஸ்டல் ஆயா ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். கர்நாடகத்தின் மலைநாட்டிலிருந்து பஸ்ஸில் வந்த கன்னடப் பெண், பெயர் சஹானா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது குமட்டலில் வெளிறிப்போன ஒரு முகம் மட்டும்தான். அவளைப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவர ஆயா போய்விட்டாள். அந்தப் பெண் குடை இருந்த கட்டிலைக் காட்டினாள்.

"ஜன பர்த்தாரெ" என்றேன். நைனாவின் சட்டத்தைக் கன்னடத்தில் சொன்னேன், ஆள் வருகிறார்கள் என்று.

பேப்பர் இருந்த கட்டிலைக் காட்டினாள். அதற்கும் ஜன பர்த்தாரெ. பாவம், எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் தன் பெட்டி மேலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அதனால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிட வேண்டும், தாமதமாக வந்தால் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்கு அறிவுரை சொன்னேன். அறிவுரையின் நடுவில் அவள் சட்டென்று எழுந்து காற்றுக்காக ஜன்னல் பக்கம் ஓடினாள். என் கட்டிலைத்தான் பறிக்கப் போகிறாள் என்று நான் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றேன். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டது முழுவதும் நைனாவின் துண்டில் வந்து விழுந்தது.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நைனாவின் முகம் தெரிந்தது. அவர் துண்டைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார்.

"பேஷன்ட்டுக்கு எடம் குடுக்காத நிக்கிறியே பாப்பா," என்றார் மெதுவாக. "மாரிகுப்பத்துல பொறந்தேன்னு வெளிய சொல்லிக்காத."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அதற்குள் அந்த முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. லேடீஸ் ஹாஸ்டல் ஜன்னலில் ஓர் ஆள் எட்டிப் பார்ப்பதைக் கண்ட வாட்ச்மேன், பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே நேரத்தில் வார்டன் உள்ளே வந்தார். முதலில் சஹானாவைக் குடை இருந்த கட்டிலில் படுக்கவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு உடம்புக்கு என்ன என்று தமிழிலேயே கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். குடைக்கும் பேப்பருக்கும் உரியவர்களுக்கு என்ன உடம்பு என்று கேட்டார். அவர்கள் இன்னும் வரவில்லை என்றேன்.

"வந்ததும் ரெண்டு பேருக்கும் காய்ச்சல் வரப்போகுதாம்மா?" என்றார். "இது சிக் ரூம்."

தலை சுற்றியது. ஒரு நிமிஷம் எனக்கே அந்தக் கட்டில்களில் ஒன்று தேவைப்படும்போல இருந்தது. துப்பட்டா தொங்கிய கம்பி, குளுகோஸ் பாட்டில் தொங்கவிடும் ஸ்டாண்ட் என்று அப்போதுதான் புரிந்தது.

வாட்ச்மேன் நைனாவை அழைத்துவந்து அறை வாசலில் நிறுத்தினார். இந்த ஆள் பெண்கள் ஹாஸ்டல் ஜன்னலில் துண்டும் குடையும் விட்டெறிந்தார், எட்டி எட்டிப் பார்த்தார் என்று கன்னடத்தில் அடுக்கினார். நைனா வார்டனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சஹானாவைப் பார்த்துக் கைகூப்பி, தப்பாகிவிட்டது அம்மா என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம்தான் வார்டனிடம் கேட்டார். பெங்களூர் ரயிலில் ஒரு பெட்டிக்கே சட்டம் சொல்கிற மனிதர் அப்படி நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையின் நடுவிலும் சீசன் டிக்கெட் ஞாபகம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வார்டன் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. இந்தக் கட்டில்களை நான் இவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்ததால், அந்தப் பெண் தேறும்வரை அவள் பக்கத்தில் இருந்து நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அறை ஒதுக்கும்போதும் என்னையும் அவளையும் சேர்த்தே போட்டுவிட்டார். அடுத்த வண்டியில் சாவகாசமாக வந்த கலைவாணிக்கு, ஒரு கைக்குட்டைகூடப் போடாமல், பால்கனி வைத்த இரண்டாம் மாடி அறை கிடைத்தது. நானும் கலைவாணியும் கட்டிய கோட்டை அத்தோடு சரிந்தது.

மத்தியானம் வரை நான் சஹானாவின் கட்டிலருகே வாளியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் திட்டப் போகிறாள், எழுந்ததும் கம்ப்ளெய்ண்ட் கொடுக்கப் போகிறாள் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் கண் விழித்தாள். குடையைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஜன பந்த்ரா?" என்றாள். ஆள் வந்தாங்களா என்று.

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. நான்கு வருஷமும் அவள்தான் என் ரூம்மேட். அந்த அறையில் நான் ஒரு நாளும் பயந்து தூங்கவில்லை.

அன்று சாயங்காலம் நைனா வீடு திரும்பியதும், ஹாஸ்டலில் கம்ப்ளெய்ண்ட் எதுவும் இல்லையே என்று அம்மா கேட்டிருக்கிறாள். வேஷ்டியை மாற்றிக்கொண்டே சொன்னாராம்: "வந்திச்சி. பாப்பா மேல இல்ல." அத்தோடு சீசன் டிக்கெட் பேச்சு எங்கள் வீட்டில் எழவேயில்லை. எழுப்ப அவருக்கு வாய் ஏது?

முதல் லீவில் சஹானா ஊரிலிருந்து நைனாவுக்குப் பச்சைக் கரை போட்ட புதுத் துண்டு ஒன்று வாங்கி வந்தாள். அவள் மாரிகுப்பத்துக்கு வருவதும் வழக்கமாகிவிட்டது. நைனா ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனால் அவள் ஊருக்குத் திரும்புகிற நாளில் மட்டும் பழையபடி விடியும் முன் ஸ்டேஷனில் இருப்பார். அந்தப் பச்சைக் கரைத் துண்டை ஜன்னலோரம் போட்டுவிட்டு, கேட்கிறவர்களிடம், "பேஷன்ட் வராங்கோ" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்வார். அம்மா அவித்த இட்லியை வயிறு முட்டத் தின்றுவிட்டு வருகிற சஹானா, பங்காரப்பேட்டை வரை தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து முனகிக்கொண்டே போக வேண்டும். இதற்காக அவளுக்கு யார் யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் வண்டி கிளம்பும் நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறியிருக்கிறாள். பேஷன்ட் துள்ளி எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பையையும் தூக்கி மேலே வைத்துவிட்டதாம். பெட்டி முழுக்கத் திரும்பி, பிளாட்பாரத்தில் நின்ற நைனாவைப் பார்த்திருக்கிறது. ஒருத்தர் வாய்விட்டுச் சிரித்தே விட்டாராம். நைனாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் போட்டார்.

"அது பொண்ணு," என்றார். "அது மாரிகுப்பத்துல பொறந்த பொண்ணு."

மலைநாட்டில் பிறந்தவள் அவள். மாரிகுப்பத்தில் பிறந்த என்னிடம் அந்தப் பட்டத்தை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.