நம் வீட்டு பெஞ்சில் நடந்த நான்கு ஆராய்ச்சிகள்

பாறசாலை,
14-3-1997, வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஷைலஜாவுக்கு, அப்பா விஜயதாஸ் ஆசீர்வாதம் கூறி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை சுகமாக இருந்தோம். அன்றைக்குத்தான் தபால்காரர் உன் பொதியைக் கொண்டு தந்தார். ஹைதராபாத்தில் உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தச் சுகம் நிலைக்க வேண்டும் என்று தனியாக இன்னொரு ஜெபமும் செய்திருக்கிறேன்.

மகளே, நாலு வருஷம் நீ பாடுபட்டு எழுதிய டாக்டர் பட்டத்துப் புத்தகத்தை அம்மா முதலில் அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த எனக்கு டிக்கெட்டுக்கு மேல் இங்கிலீஷ் வராது. அதனால் பாரலல் காலேஜில் இங்கிலீஷ் எடுக்கும் கனகதாஸ் சாரைக் கூப்பிட்டு, வாசலில் அயனி மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து, வாசித்து அர்த்தம் சொல்லச் சொன்னேன். எல்லையோரக் கிராமம் ஒன்றில் மருத்துவம், அறிவியல், அரசியல், கலை என்று சமீபத்தில் நடந்த நாலு ஆராய்ச்சிகளையும் நீ ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறாய், ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் மறைத்து எழுதப்பட்டிருக்கின்றன என்றார் அவர். முதல் பக்கத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் உடம்பு வேர்த்தது. நாற்பதாம் பக்கத்தில் கனகதாஸ் சாரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் முகம் கழுவினேன்.

மருத்துவத்தில் வருகிறாரே, 'முப்பத்தொன்றாம் எண், ஆண், வயது ஐம்பத்தெட்டு, பல ஆண்டுகளாகக் கடும் உறக்கமின்மை', அவருக்காகக் கனகதாஸ் சார் இரண்டு முறை 'பாவம்' என்றார். அந்தப் பாவம் நான்தான். நீ அங்கே போன பிறகு டாக்டருக்குப் படிக்கிற ஸ்மிதா என்ற பெண் நீளமான படிவத்தோடு வந்தாள். உறக்கம் எப்படி என்று கேட்டாள். படுத்தால் விடிந்துதான் விழிப்பேன் என்றேன். பேனாவை மூடிவிட்டாள். "அங்கிள், முப்பது பேரைப் பாத்தாச்சு, எல்லாரும் நல்லா ஒறங்குதாவ. எனக்க கைடு என்னைக் கொல்லுவாரு" என்று கண் கலங்கினாள். உன் வயதுப் பெண் நம் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து அழலாமா? "ஒறக்கமே இல்ல மக்கா, பெரண்டு பெரண்டு கெடப்பேன்" என்று சொல்லிவிட்டேன். இரவில் என்ன சாப்பாடு என்றாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் என்று அதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். இப்போது இரவில் மரச்சீனி தின்றால் உறக்கம் கெடும் என்று உன் புத்தகத்தில் ஒரு முழுப்பக்கம்! அதைக் கேட்டதிலிருந்து அம்மா இரவில் மரச்சீனி அவிப்பதில்லை. "படிச்சவிய எழுதியிருக்காவ" என்கிறாள். "அது நான் சொன்னதாக்கும்" என்றால், "அப்பம் என்னத்துக்குச் சொன்னிய?" என்கிறாள். கஞ்சியைக் குடித்துவிட்டு மூன்று நாளாக நிஜமாகவே உறக்கமில்லாமல் கிடக்கிறேன்.

எல்லா ஆராய்ச்சியும் ஏன் நம் வீட்டிலேயே வந்து விழுகிறது என்று நீ கேட்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் வீடு. நிழலும் பெஞ்சும் உண்டு. கேட்காமலே அம்மா பாலில்லாத கட்டன் சாயா கொடுப்பாள். வந்தவர்கள் போய் அடுத்தவர்களிடம் சொல்லிவிடுகிறார்கள் போலிருக்கிறது. வீடு தேடி வந்தவரை இல்லை என்று சொல்லி அனுப்பி நமக்குப் பழக்கமில்லை. அது சாயாவுக்கு மட்டும் உள்ள சட்டமா என்ன? நெய்யாற்றின்கரை எப்போது வரும் என்று எவர் கேட்டாலும் "இதா வந்தாச்சு" என்று சொல்லியே காலம் கழித்த வாய் என்னுடையது.

அறிவியலில் வருகிற தவளை சாரை எடுத்துக்கொள். முதுகில் மஞ்சள் கோடு போட்ட ஒரு தவளையைத் தேடி, பதினோரு நாள் நம் குளத்தில் முழங்கால் வரை நின்றார் மனிதர். பன்னிரண்டாம் நாள் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சாரே, நேத்து அதுக்க சத்தம் கேட்டேன்" என்றேன். எப்படிக் கத்தியது என்றார். நான் கத்திக் காட்டினேன். அதை அவர் டேப்பில் பிடிப்பார் என்று நான் கண்டேனா? உன் புத்தகத்தில் அந்தத் தவளையின் குரல் என்று கோடு கோடாக ஒரு படம் இருக்கிறதல்லவா, நடுவில் பெரிய மேடாக ஏறி இறங்குகிறதே, அது எனக்கு இருமல் வந்த இடம்.

அரசியல்தான் எல்லாவற்றிலும் மோசம். மொழி பார்த்து ஓட்டுப் போடுகிறோமா என்று கேட்க ஒரே ஆராய்ச்சிக்கு இரண்டு பேர் வந்தார்கள். திங்கட்கிழமை மதுரைக்காரர் வந்து, தாய்மொழி எது என்று தமிழில் கேட்டார். "தமிழ்தான், அதிலென்ன சந்தேகம்?" என்றேன். வியாழக்கிழமை திருவனந்தபுரத்துப் பெண் வந்து, "அங்கிளே, மாத்ருபாஷ ஏதா?" என்றாள். "மலையாளம் தன்னே மோளே" என்றேன். எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியில் பதில் சொல்வதுதானே நம் ஊர் மரியாதை? இரண்டு பதிலும் உன் புத்தகத்தில் இரண்டு ஆளாகிவிட்டது. 'எதிரெதிர் நிலைப்பாடு கொண்ட இரு மூத்த வாக்காளர்கள், பதற்றம் இருந்தும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கும் சகிப்புத்தன்மை' என்று வாசித்துவிட்டுக் கனகதாஸ் சார் அந்த இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்றார். மகளே, நான் என்னையே சகித்துக்கொண்டதற்கு ஒரு அத்தியாயமா?

கடைசியில் கலை. அம்மா முற்றத்தில் நெத்தோலி மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் டேப்போடு வந்து பழைய பாட்டு வேண்டும் என்றார். அம்மாவுக்கு வேதக்கோயில் கீர்த்தனை தவிர எதுவும் தெரியாது. அது வேண்டாம் என்றார். அப்போது காக்கை வந்து இறங்கியது. அம்மா கம்பை எடுத்துக்கொண்டு, "போ காக்கா போ, புஷ்பபாய் வீட்டுக்குப் போ, அவிய மீனுக்கு மூடியில்ல, எனக்க மீனுல மூக்க வைக்காத" என்று ராகமாக விரட்டினாள். உன் புத்தகத்தில் அது முந்நூறு வருஷத்துப் பாட்டாம். புஷ்பபாய் மறந்துபோன ஒரு தாய்த்தெய்வமாம். காக்கை முன்னோராம். நம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புஷ்பபாயை, உனக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை பின்னிவிட்ட புஷ்பபாயை, நீ எப்படி மகளே மறந்தாய்?

முப்பத்தொன்றாம் தேதி இதைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. நாலு வருஷம் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு, இரண்டு கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வராமல் எழுதினாய் என்பது தெரியும். அதை வீணாக்கியவன் உன் அப்பன். ஆனால் நாளைக்கு ஒருவர் எழுந்து நின்று, இந்தப் பெண்ணின் தகப்பன் சொன்ன பொய்க்குத்தான் பட்டம் கொடுத்தீர்கள் என்று சொன்னால் நீ எங்கே போய் நிற்பாய்? உன் கைடு ஷியாமளா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. இனி யார் வந்து கேட்டாலும் உண்மை தவிர வேறு பேசுவதில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். அம்மா சாட்சி.

ஆண்டவர் உன்னைக் காத்து, உனக்கு வேறொரு தலைப்பை அருளுவாராக. அம்மா முத்தம் சொல்கிறாள். கனகதாஸ் சாருக்கும் புஷ்பபாய்க்கும் உன் விசாரிப்பைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ச. விஜயதாஸ்

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். முதலில் இதைப் படி. மேலே உள்ளதைப் படிக்காதே.

இந்தக் கடிதத்தை மடித்துத் தபாலில் போடக் கிளம்பும்போது கன்னியாகுமரி பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். வெயிலில் கால் இரண்டும் வீங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா சாயா கொடுத்தாள். அவர் ஹைதராபாத்திலிருந்து வந்த உன் கைடு ஷியாமளா. "ஷைலஜா மாதிரி ஒரு மாணவி எனக்குக் கிடைச்சதில்லை. அவ எழுதினது எல்லாம் சரிதானா? சரின்னா இப்பவே கையெழுத்துப் போடுறேன்" என்றார். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மகளே. அந்த வீங்கிய காலைப் பார்த்தேன். "எல்லாம் சரியாக்கும்" என்றேன். தவளை என்றார். கத்தினேன். பாட்டு என்றார். அம்மா பாடினாள். பாட்டைக் கேட்டுப் புஷ்பபாய் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஆருக்க மீனுக்கு மூடியில்ல?" என்று சண்டைக்கு வந்தாள். "இது யார்?" என்றார் ஷியாமளா அம்மா. தெய்வத்தின் பெயரை வழிவழியாகச் சுமக்கும் குடும்பம் என்றேன்.

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு பையிலிருந்து நீ எனக்கு அனுப்பாத கடைசி அத்தியாயத்தை எடுத்து, முதல் வரியைத் தமிழில் சொன்னார்: "இந்த நான்கு ஆய்வுகளிலும் வரும் எல்லோரும் என் அப்பா." வந்தவர் முகம் வாடாமல் நான் சொல்லும் பதில்தான் உன் ஆராய்ச்சியாம். நான் எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால் மட்டுமே அந்த அத்தியாயம் நிற்கும் என்று நீ சொல்லி அனுப்பினாயாமே! நம் பெஞ்சிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

அந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது. பாட்டு அம்மாவுடையது. திருத்திவிட்டுக் கொடு.